பழைய டிராக்டரின் பிரேக்கைச் சீர்செய்யும் முறை

விருதுநகர் ஜில்லாவின் சாகுபடி நிலங்களில் பெரும்பகுதி வானத்தையே நம்பி நிற்பது. ஆண்டொன்றுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே இங்குப் பெய்கிறது. அதிலும் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி கார்த்திகை மாதங்களை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பதாகும். கரிசல் மண் காய்ந்திருக்கும்போது கலப்பைக்கு இடங்கொடாது. நனைந்து குழைந்துவிட்டாலோ சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவொட்டாது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட பதமான நாட்கள் மிகச் சிலவே. அந்தச் சில நாட்களுக்குள் சாத்தூர், அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி முதலிய தாலுகாக்களில் பருத்திக்கும், மக்காச்சோளத்துக்கும், கம்புக்கும், உளுந்துக்கும், மிளகாய்க்கும் நிலத்தை உழுது தயார் செய்தாக வேண்டும். ஆதலால் டிராக்டர் வைத்திருக்கும் குடியானவர் அதனை எளிதில் கைவிடுவதில்லை. இருபது முப்பது ஆண்டுகள் உழைத்த வண்டிகளும் பல கிராமங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பழைய வண்டியை வைத்துக்கொள்வது குற்றமன்று. நல்ல பராமரிப்பு இருந்தால் அது புதிய வண்டிக்கு நிகராகவே உழும். ஆயினும் ஒரு விஷயத்தில் மாத்திரம் பெரும்பாலோர் அசட்டையாக இருக்கின்றனர். இஞ்சின் எண்ணெயைப் பார்க்கின்றனர். டீசல் வடிகட்டியை மாற்றுகின்றனர். டயரில் காற்றுக் குறைந்தால் உடனே நிரப்புகின்றனர். பிரேக்கையோ, அது அறவே பிடிக்காமற் போகும் வரையில் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்குக் காரணம் எளிது. உழவின்போது வண்டி மெதுவாகச் செல்கிறது. கலப்பை மண்ணில் பதிந்திருப்பதால் எரிபொருளைக் குறைத்தவுடனேயே வண்டி நின்றுவிடுகிறது. பிரேக் பழுதால் வயலில் யாதொரு நஷ்டமும் தோன்றுவதில்லை. அதன் நஷ்டம் சாலையிலேதான் தெரியவரும். அதுவும் ஒரே நொடியில், பெரும்பாலும் உயிர்ச்சேதத்துடன் தெரியவரும்.

இரண்டு பிரேக்குகள் ஏன்?

மோட்டார் காருக்கு ஒரே பிரேக் மிதியடி, டிராக்டருக்கோ இரண்டு. வலது மிதியடி வலப்பக்கப் பின்சக்கரத்தையும், இடது மிதியடி இடப்பக்கப் பின்சக்கரத்தையும் பிடிக்கும். முன்சக்கரங்களுக்குப் பழைய வண்டிகளில் பிரேக் கிடையாது. உழுசாலின் முடிவில் குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்புவதற்காகவே இவ்வாறு பிரித்து அமைத்திருக்கின்றனர். திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்தை மாத்திரம் பிடித்துக்கொண்டால், மறுபக்கத்துச் சக்கரம் அதனைச் சுற்றி வரும். வண்டி வரப்பைத் தொடாமல் திரும்பிவிடும்.

சாலையில் செல்லும்போது இரண்டு மிதியடிகளையும் சேர்த்துப் பிணைப்பதற்கு ஒரு சிறு கொக்கி அல்லது தகடு வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கால் எந்த மிதியடியில் பட்டாலும் இரண்டும் ஒன்றாகவே இறங்கும். இக்கொக்கி வண்டிமாட்டின் நுகத்தடியைப் போன்றது. நுகத்தடியின்றி இரண்டு மாடுகளை வண்டியில் கட்டிச் சாலையில் ஓட்டுவார் எவரும் இலர். இங்ஙனமிருந்தும், கொக்கி ஒடிந்துபோன டிராக்டரைச் சுமையேற்றிய டிரெய்லருடன் சாலையில் ஓட்டுவோர் உண்டு.

நுகத்தடி இருந்தால் மாத்திரம் போதாது. இணைமாடுகள் சமபலம் உள்ளவையாகவும் இருக்க வேண்டும். ஒரு மாடு இளைத்திருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிராக்டரின் பிரேக்குகளும் அவ்வாறே. ஓட்டுநர்களில் பலருக்கு எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பி உழும் வழக்கம் இருக்கிறது. அதனால் அந்தப் பக்கத்துப் பிரேக்கே அதிகமாக உபயோகப்பட்டு, அதன் லைனிங் விரைவில் தேய்ந்துவிடுகிறது. மறுபக்கத்து லைனிங் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கிறது. இவ்வாறு இரண்டு பிரேக்குகளுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு வயலில் உண்டாகி, சாலையில் ஆபத்தாக முடிகிறது. இக்கட்டுரையில் கூறப்படும் முறைகள் அனைத்தின் நோக்கமும் இவ்விரண்டையும் சமப்படுத்துவதே.

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆகவே வலது பிரேக் மாத்திரம் பிடித்தால் டிராக்டர் எதிரே வரும் வண்டியின் முன் பாயும். இடது பிரேக் மாத்திரம் பிடித்தால் சாலையைவிட்டு ஓரத்துப் பள்ளத்தில் இறங்கும். கண்மாய்க் கரைமேல் செல்லும் பாதையானால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

சுமையின் கணக்கு

பிரேக் எவ்வளவு முக்கியமானது என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். நல்ல நிலையிலுள்ள இரண்டு பிரேக்குகளும் சேர்ந்து, தனி டிராக்டரின் வேகத்தை ஒவ்வொரு விநாடியிலும் மணிக்கு 9 கிலோமீட்டர் அளவு குறைப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அந்த டிராக்டர், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 6 மீட்டரில் நின்றுவிடும்.

அதே டிராக்டரின் எடை 1,800 கிலோ என்றும், அதன் பின்னே பிரேக் இல்லாத டிரெய்லர் சுமையுடன் 4,000 கிலோ என்றும் கொள்வோம். இப்போது அதே இரண்டு பிரேக்குகள் 5,800 கிலோ எடையை நிறுத்த வேண்டும். வண்டி நிற்பதற்குச் சுமார் 20 மீட்டர் தேவைப்படும். ஒரு பக்கத்துப் பிரேக் அடியோடு பிடிக்காவிட்டால் இது சுமார் 40 மீட்டராகும். அத்துடன் வண்டி ஒரு பக்கமாகவும் இழுக்கும். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டராக உயர்ந்தால் மேற்கூறிய தூரங்கள் ஒவ்வொன்றும் இரண்டேகால் மடங்காகும். ஆபத்தைக் கண்டு கால் மிதியடியை அடைவதற்குள் ஒரு விநாடி கழிந்துவிடுகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியிலேயே வண்டி ஐந்தரை மீட்டர் ஓடிவிடுகிறது. சாலையின் தன்மையையும் டயரின் தேய்மானத்தையும் பொறுத்து இவ்வளவுகள் கூடக்குறைய இருக்கலாம். ஆயினும் சுமை ஏற ஏற நிற்கும் தூரம் நீளும் என்னும் உண்மை மாறாது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளுக்கு இக்கணக்கு விசேஷமாகப் பொருந்தும். 1920-களில் தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியது முதல் பட்டாசும் அச்சும் தொடர்ந்து வளர்ந்து, இன்று சுற்றியுள்ள கிராமங்களின் ஆண்களும் பெண்களும் காலையிலும் மாலையிலும் திரள்திரளாகச் சாலையில் செல்கின்றனர். தொழிலாளர்களை ஏற்றிய வேன்களும், சைக்கிள்களும், மோட்டார் சைக்கிள்களும், நடந்து செல்வோரும் ஒரே குறுகிய சாலையில் நெருங்கும் நேரத்தில்தான் டிராக்டரும் வயலுக்குச் செல்கிறது அல்லது வயலிலிருந்து திரும்புகிறது.

இன்னொன்றும் உண்டு. உழவில்லாத மாதங்களில் பலர் டிராக்டரின் பின்னே தண்ணீர்த் தொட்டியை மாட்டி, தண்ணீர் சுமக்கும் வேலைக்கு விடுகின்றனர். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஐயாயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மாத்திரமே ஐந்து டன். தொட்டி பாதி நிரம்பியிருக்கும்போது ஆபத்துக் குறையும் என்று கருதலாகாது. பிரேக் பிடித்தவுடன் உள்ளிருக்கும் தண்ணீர் முன்னே பாய்ந்து டிராக்டரைத் தள்ளும். திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொட்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். தொட்டியின் உட்புறம் குறுக்குத் தகடுகள் வைத்திருந்தால் இப்பாய்ச்சல் பெரிதும் அடங்கும். தகடு இல்லாத தொட்டியை வாங்கலாகாது.

பழுதின் அறிகுறிகள்

கீழ்க்கண்ட குறிகளில் எது தோன்றினாலும் பிரேக்கை உடனே கவனிக்க வேண்டும்.

மிதியடி முன்னைவிட அதிக ஆழம் இறங்கினால் லைனிங் தேய்ந்திருக்கிறது, அல்லது இணைப்புக் கம்பிகளின் ஊசிகளும் துளைகளும் தேய்ந்திருக்கின்றன என்று அறியலாம். கொக்கியை எடுத்துவிட்டுப் பார்க்கும்போது ஒரு மிதியடி மேலாகவும் மற்றொன்று தாழ்வாகவும் பிடித்தால் இரண்டும் சமமாக இல்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், இழுக்கும் பக்கத்துப் பிரேக் இறுக்கமாக இருக்கிறது. அல்லது மறுபக்கத்து லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறது. இரும்போடு இரும்பு உராயும் ஓசை கேட்டால் லைனிங் அறவே தேய்ந்து, அதைப் பிணைத்திருக்கும் தறை ஆணிகள் டிரம்மைக் கீறத் தொடங்கிவிட்டன என்று பொருள். அரைமணி நேரம் சாலையில் ஓட்டி நிறுத்தியபின் ஒரு பக்கத்து டிரம் மாத்திரம் மிகுந்த சூடாக இருந்தால், அந்தப் பக்கத்துப் பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. சூட்டைப் பார்க்கக் கையை அருகே கொண்டுசென்றால் போதும், தொட்டுப் பார்க்கலாகாது.

டிரம் பிரேக்கைச் சீர்செய்தல்

1946-இல் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய பெர்கூசன் டிராக்டரும், அதன் வழிவந்த மாசி பெர்கூசன் 35 வகையும் டிரம் பிரேக் உள்ளவை. 1960-இல் சென்னையில் டாபே நிறுவனம் ஏற்பட்டு, மாசி பெர்கூசன் டிராக்டர்கள் நம் மாகாணத்திலேயே தயாராகத் தொடங்கின. இவ்வகைப் பழைய வண்டிகளில், பின்சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உள்ளே பிறை வடிவமான இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. மிதியடியை அழுத்தினால் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்புறத்தை இறுகப் பற்றும். ஷூக்களுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி தேய்மானத்தால் அதிகரிக்கும்போது, பற்கள் வெட்டிய ஒரு சிறு சக்கரத்தைத் திருப்பி அந்த இடைவெளியைக் குறைப்பதே சீர்செய்வதாகும். வேலையின் கிரமம் வருமாறு:

1. வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, டிரெய்லரையும் கலப்பையையும் கழற்றி விடுக. இஞ்சினை நிறுத்துக. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான கட்டைகளை அண்டக் கொடுக்க. கியரை நடுநிலையில் வைத்து, நிறுத்து பிரேக்கை விடுவிக்க.

2. பின் அச்சின் அடியில் ஜாக்கியை வைத்து, ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும் அளவுக்கு உயர்த்துக. கரிசல் மண்ணில் ஜாக்கி புதைந்துவிடும். ஆகையால் அதன் அடியில் அகலமான தடித்த பலகை அவசியம். வண்டியை ஜாக்கியின்மேல் மாத்திரம் நம்பி விடலாகாது. அச்சின் அடியில் பலமான மரக்கட்டையையோ இரும்புத் தாங்கியையோ கொடுத்த பின்னரே கையை உள்ளே நீட்டுதல் வேண்டும். செங்கல்லும் கருங்கல்லும் இதற்கு உதவா. அவை திடீரென உடையக்கூடியவை.

3. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க. தடையின்றிச் சுழல வேண்டும்.

4. பல்சக்கரத்தை அடைவதற்கு ஒரு துவாரம் விடப்பட்டிருக்கும். சில வண்டிகளில் அது டிரம்மின் பின்தகட்டிலும், சில வண்டிகளில் டிரம்மின் முகத்திலும் இருக்கும். மேல்மூடியை எடுத்துவிட்டு, தட்டைத் திருப்புளியைச் செலுத்திப் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்புக. ஷூக்கள் விரியும் திசையில் திருப்பும்போது சக்கரம் வரவர இறுகும். தளர்ந்துகொண்டே போனால் எதிர்த்திசை என்று அறிக.

5. சக்கரத்தைக் கையால் சுற்ற இயலாதவாறு இறுகிய பின், பல்சக்கரத்தைப் பின்னோக்கி ஒவ்வொரு பல்லாகத் தளர்த்துக. சக்கரம் உரசாமல் மறுபடியும் சுழலத் தொடங்கும் இடத்தில் நிறுத்துக. எத்தனை பற்கள் பின்னோக்கி வந்தன என்பதை எண்ணிக் குறித்துக்கொள்க.

6. மூடியைத் திரும்பப் பொருத்துக. அதை விட்டுவிட்டால் சேறும் மணலும் உள்ளே புகுந்து லைனிங்கை அரைத்துவிடும்.

7. மறுபக்கத்துச் சக்கரத்துக்கும் இவ்வாறே செய்து, முதற் பக்கத்தில் தளர்த்திய அளவை ஒட்டியே தளர்த்துக.

8. இறுதியாக, மிதியடிகளிலிருந்து பிரேக்குக்குச் செல்லும் இழுகம்பிகளின் நட்டுகளைத் திருப்பி, இரண்டு மிதியடிகளும் ஒரே உயரத்தில் நிற்குமாறும், ஒரே ஆழத்தில் பிடிக்குமாறும் செய்க. மிதியடிக்கு எவ்வளவு வெற்று அசைவு இருக்க வேண்டும் என்பது அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் கூறப்பட்டிருக்கும். அசைவே இல்லாமல் இறுக்கிவிட்டால் பிரேக் எப்போதும் உரசிச் சூடேறும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சிலர் ஜாக்கி வைக்கும் சிரமத்துக்கு அஞ்சி, இழுகம்பியை மாத்திரம் முறுக்கி மிதியடியை உயர்த்திவிடுகின்றனர். இது சில நாட்களுக்குப் பிடிப்பைத் தருமாயினும், உள்ளே ஷூவின் இடைவெளி அப்படியே இருக்கிறது. பல்சக்கரத்தை முதலிலும் இழுகம்பியைப் பின்னரும் திருத்துவதே முறை.

தட்டு பிரேக் உள்ள வண்டிகள்

1963-இல் ஏற்பட்ட இண்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனியின் மூலம் மகிந்திரா நிறுவனத்தார் 1965 முதல் வெளியிட்ட பி-275 போன்ற வண்டிகளில் டிரம்முக்குப் பதிலாகத் தட்டு பிரேக் இருக்கிறது. சுழலும் தட்டுகள் இருபுறமும் அழுத்தப்பட்டு வண்டியை நிறுத்துகின்றன. இவ்வகையில் இழுகம்பியின் முனையிலுள்ள நட்டைத் திருப்பியே இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பூட்டு நட்டை முதலில் தளர்த்தி, பக்கத்துக்குச் சமமாகத் திருத்தி, பின்னர்ப் பூட்டு நட்டை இறுக்க மறக்கலாகாது. முழுவதும் திருகியும் பிடிப்பு வராவிடில் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று கொண்டு, இரண்டு பக்கத்திலும் ஒரேசமயத்தில் மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தில் புதிய தட்டும் மறுபக்கத்தில் பழைய தட்டும் வைத்தால் ஏற்றத்தாழ்வு முன்னைவிட அதிகமாகும். டிரம் பிரேக்கின் லைனிங்குக்கும் இந்த விதியே பொருந்தும்.

புதிய டிராக்டர்கள் பலவற்றில் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியே வேலை செய்கின்றன. சேறும் தூசியும் படாதாகையால் அவை நீண்டகாலம் உழைக்கும். ஆயினும் அவற்றிலும் மிதியடிகளின் சமநிலையைப் பருவந்தோறும் பார்ப்பது நலம்.

எண்ணெய்க் கசிவும் லைனிங் தூசியும்

எவ்வளவு திருகியும் ஒரு பக்கத்துப் பிரேக் பிடிக்கவில்லையானால், பின் அச்சின் ஆயில் சீல் பழுதடைந்து, உள்ளிருக்கும் எண்ணெய் லைனிங்கில் ஊறியிருக்கக்கூடும். சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருப்பது இதற்கு அடையாளம். லைனிங்கைப் பெட்ரோலால் கழுவியோ நெருப்பில் வாட்டியோ திரும்பப் போடுவது வீண். ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடியும் வெளிவரும். சீலையும் லைனிங்கையும் புதிதாக மாற்றுவதே சிக்கனம். இவ்வேலைக்கு டிரம்மைக் கழற்ற வேண்டியிருப்பதால் பழகிய மெக்கானிக்கிடம் ஒப்படைப்பது தகும். டிரம்மின் உட்புறத்தில் ஆழ்ந்த கீறல்கள் காணப்பட்டால் கடைசலில் கொடுத்துச் சமப்படுத்திக்கொள்ள வேண்டும்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதலாகாது. பழைய லைனிங்குகளில் கல்நார் சேர்ந்திருக்கிறது. அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு சென்று பல ஆண்டுகளுக்குப் பின்னரும் நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் விளைவிக்கக்கூடியவை. ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, அத்துணியை ஒரு பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். சிறுவர்களை அருகில் விடலாகாது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு முதலிய நெல் விளையும் பகுதிகளில் சேற்றுழவு முடித்து வரும் டிராக்டரின் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். நனைந்த லைனிங் சிறிது நேரம் பிடிக்காது. வயலைவிட்டு ஏறியவுடன், மெதுவான ஓட்டத்தில் மிதியடியை இலேசாகச் சிலமுறை அழுத்தி ஈரத்தைப் போக்கிய பின்னரே சாலையில் ஏற வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

சீர்செய்த பிரேக்கைச் சாலையில் சோதிப்பது தவறு. அறுவடை முடிந்த வயலோ, களத்துமேட்டை ஒட்டிய மண்தரையோ இதற்கு ஏற்றது. டிரெய்லர் இல்லாமல், மிதியடிகளைக் கொக்கியால் பிணைத்து, முதலில் நடைவேகத்திலும் பின்னர்ச் சற்று விரைவாகவும் நேராக ஓட்டி, கிளட்சையும் பிரேக்கையும் ஒருங்கே அழுத்தி நிறுத்துக. பிறகு இறங்கி, இரண்டு பின்சக்கரங்களும் மண்ணில் இழுத்த தடங்களைப் பார்க்க. இரண்டும் ஒரே நீளமாகவும் ஒரே ஆழமாகவும் இருந்தால் பிரேக்குகள் சமம். ஒரு தடம் நீண்டும் மற்றொன்று குறுகியும் இருந்தால், நீண்ட தடம் உள்ள பக்கம் முந்திப் பிடிக்கிறது. அந்தப் பக்கத்தைச் சிறிது தளர்த்தி மறுபடியும் சோதிக்க வேண்டும். தடங்கள் சமமாகும் வரையில் இவ்வாறு செய்க. இதற்குச் செலவு ஏதுமில்லை. அரைமணி நேரமே போதும்.

நிறுத்து பிரேக்கைச் சிறு சரிவில் சோதிக்கலாம். கியரை நடுநிலையில் வைத்து அதைப் போட்டால் வண்டி நகரலாகாது. அச்சோதனையின்போது ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க வேண்டும்.

ஓட்டுநர் கைக்கொள்ள வேண்டியவை

வயலைவிட்டுச் சாலையில் ஏறுமுன் மிதியடிகளைப் பிணைக்கும் கொக்கியைப் போடுவது பழக்கமாக வேண்டும். பாலத்தின் இறக்கத்திலும் கரையின் சரிவிலும் இறங்கத் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது கிளட்சை அழுத்தலாகாது. கியரை நடுநிலையில் விடவும் கூடாது. அவ்வாறு விட்டால் இஞ்சினின் தடையும் போய், முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது பிரேக்கைத் திடீரென அழுத்தினால் டிராக்டர் குறுக்கே மடிந்து கவிழும். விட்டுவிட்டு அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகத் தெற்கே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க நேரிட்டால், முழுவதும் நின்று பார்த்து, டிரெய்லரின் நீளத்தையும் கணக்கிட்டே கடக்க வேண்டும். இருட்டிய பின் பின்விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பு வில்லையும் இல்லாத டிரெய்லரைச் சாலையில் கொண்டுசெல்லலாகாது.

டிரெய்லருக்கும் தனியே பிரேக் வைத்துக்கொள்வது மிக நன்று. புதிதாக டிரெய்லர் செய்விப்போர் தொடக்கத்திலேயே இதைக் கேட்டு வாங்கினால், முற்கூறிய 20 மீட்டர் கணக்கு வெகுவாகக் குறையும்.

டிரெய்லரில் ஆட்களை ஏற்றுதல்

மிளகாய்ப் பழம் எடுக்கவும் பருத்தி எடுக்கவும் கூலியாட்களை, பெரும்பாலும் பெண்களை, டிரெய்லரில் நிற்க வைத்துக் கொண்டுசெல்லும் வழக்கம் உண்டு. பட்டாசுத் தொழிலுக்குச் செல்வோர் மிகுந்த இப்பகுதியில் வயல்வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகையால், தொலைவிலுள்ள கிராமங்களிலிருந்து ஆட்களை அழைத்துவர வேண்டியிருக்கிறது என்பது மெய்யே. ஆயினும் விவசாய டிரெய்லர் சரக்குக்கு உரியது. ஆட்களை ஏற்றுவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பை மறுக்கவும், நஷ்ட ஈடு முழுவதும் நிலச்சொந்தக்காரரின் தலையில் விழவும் கூடும். ஒரு விபத்தில் விற்க வேண்டிவரும் நிலத்தின் மதிப்பையும், ஆட்களை வேனில் அழைத்துவரும் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு எது இலாபம் என்பது விளங்கும். இழந்த உயிருக்கு ஒப்பிடத்தக்க தொகை எதுவும் இல்லை.

பட்டாசுகளையும் வெடிமருந்தையும் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வாடகையை எவ்வளவு கூலி கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளலாகாது. அவற்றை ஏற்றிச் செல்வதற்கு 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் தனி நிபந்தனைகளை விதித்திருக்கின்றன. சூடேறிய பிரேக்கும், புகைபோக்கியின் தீப்பொறியும், குலுங்கும் டிரெய்லரும் அத்தகைய சரக்குக்கு அருகிலும் இருக்கத் தகாதவை.

கிராம அதிகாரிகளுக்கு

ஊராட்சித் தலைவரும், கிராம நிர்வாக அலுவலரும், கூட்டுறவுச் சங்கச் செயலாளரும் ஒத்துழைத்தால் ஊரிலுள்ள டிராக்டர்கள் அனைத்தையும் ஒரே நாளில் சோதித்துவிடலாம். புரட்டாசி மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, வண்டிகளை ஊர்ப்பொது மைதானத்துக்கு வரச்செய்து, பழகிய மெக்கானிக் ஒருவரை அழைத்து, மேற்கூறிய தடச் சோதனையை எல்லோரும் காண நடத்தலாம். எந்த வண்டி நேராக நிற்கிறது, எது கோணலாக நிற்கிறது என்பதை அங்கு எவரும் வாதிக்க வேண்டுவதில்லை. மண்ணில் விழுந்த தடமே சொல்லிவிடும். ஜில்லாவிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகங்களை அணுகினால் வேண்டிய யோசனைகளைப் பெறலாம்.

இந்நாளைக் குறிப்பதற்கு ஆயுத பூஜைக்கு முந்திய வாரமே மிகவும் பொருத்தமானது. அப்பூஜைக்காக ஒவ்வொரு குடியானவரும் டிராக்டரைக் கழுவித் துடைக்கிறார். சந்தனமும் குங்குமமும் இடுகிறார். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார். வடகிழக்குப் பருவமழையும் உழவும் அதனையடுத்தே வருகின்றன. எலுமிச்சம்பழம் வைக்கும் அந்தச் சக்கரங்களை அதற்கு முன் ஒருமுறை ஜாக்கியில் உயர்த்தி, இரண்டு பிரேக்குகளையும் சமப்படுத்தி, மண்ணில் தடம் பார்த்துவிட்டால், அவ்வாண்டு முழுவதும் வண்டியும் அதை ஓட்டுபவரும் எதிரே வருவோரும் க்ஷேமமாக வீடு திரும்புவார்கள். விவசாயிகள் இதனை ஆண்டுதோறும் தவறாது செய்து நன்மையடைவார்களாக.